இல்லாத பக்கங்களுக்கு அழுதவள்

அந்தப் பதிப்பகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போன தாளை யாராவது கையில் பிடித்துக்கொண்டு அவள் மேஜையைத் தாண்டிப் போனால் போதும், "நில்லு, மூணாவது வரி" என்பாளாம். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்றால் என்னவென்று அந்த அலுவலகத்துக்கு வந்த புதியவர்கள் அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பதற்கான கடைசி மெய்ப்பு அவளிடம் வரும். இடதுபக்கம் எழுத்தாளர் கொடுத்த மூலப்பிரதி, வலதுபக்கம் கணினியில் பக்கமாக்கிய தாள், வரிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் அடிஸ்கேல். அங்கே ஒரு வரி, இங்கே அதே வரி, ஸ்கேல் ஒரு படி கீழே இறங்கும். கடைசித் தாளில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை அச்சகத்துக்காரர்களைத் தவிர யாரும் தொடக்கூடாது. முதலாளியே தொடமாட்டார்.

இவ்வளவு கறாரான பெண்மணிக்கு ஒரு பலவீனம் இருந்தது. ஐம்பதைத் தொடப்போகிற வயதில், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் நாவல்கள் என்றால் அவளுக்கு உயிர். பெரியவர்களுக்கான நாவலில் ஒருவன் ஜன்னலோரம் நின்று இருபது பக்கத்துக்கு வருத்தப்படுகிறான், எதற்கு என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது என்பாள். பிள்ளைகள் நாவலில் அந்த வேலையெல்லாம் கிடையாது. கோபம் வந்தால் கதவைப் படாரென்று சாத்துவார்கள். பொய் சொன்னால் அடுத்த பக்கத்திலேயே வயிறு கலங்கும். எல்லாமே அவர்களுக்கு முதல்தடவை. அதனால் எல்லாமே உயிர்போகிற விஷயம். பேருந்தில் படிக்கும்போது மட்டும் அட்டை தெரியாமல் காகிதம் போட்டு மூடிக்கொள்வாள். பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "நான் ஊரையே மேல ஏத்திக்கிட்டிருக்கேன், நீ என்னடான்னா வருஷத்துக்கு வருஷம் வயசுல கீழ இறங்கிக்கிட்டே போற" என்று அவர் சொன்னதற்கு இரண்டு நாள் அவள் பேசவில்லை. இரண்டாவது நாள் அவளிடம் படிக்க ஒரு நல்ல நாவல் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

இப்படிப்பட்டவளிடம் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை எழுதிய முதல் நாவல் வந்து சேர்ந்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பதே வாழ்க்கை என்றிருக்கும் ஒரு பெண். அவளுக்கு ஒரு தோழி; மூக்குக் கண்ணாடி போட்டவள், அதிகம் பேசாதவள். ஓடும் பெண்ணுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு. ஒருநாள் மைதானத்தின் பின்னால் மயங்கி விழுகிறாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று தோழியிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். தோழியோ பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள். இவள் பெயர் அணியிலிருந்து போகிறது. அதற்குப் பிறகு பேருந்து நிறுத்தத்தில், கொட்டுகிற மழையில், தோழி தான் ஏன் சொன்னேன் என்று திக்கித் திக்கிச் சொல்லும் ஒரு காட்சி. அந்தக் காட்சியில்தான் புள்ளியக்கா விழுந்தாள்.

முதல்முறை அலுவலகத்தில் படித்தாள். பிரதி எடுத்துப்போய் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிய வழிய மறுபடி படித்தாள். பேருந்தில் படித்து, இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள். மழைக் காட்சி அவளுக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம்.

அந்த நாவலைக் கணினியில் பக்கமாக்கியவள் மார்ஜின் என்பவள். முப்பது வயது, வீட்டில் ஒரு கைக்குழந்தை, அதைப் பார்த்துக்கொள்ள அம்மா, சம்பளம் இவளுடையது மட்டும். எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் "மார்ஜின் விடணும்க்கா, மூச்சு முட்டுது" என்பாள். அதனால் அந்தப் பெயர். புத்தகங்களைப் பக்கமாக்குவாளே தவிர ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அவள் கண்ணுக்கு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமான சாம்பல் நிறம். கடைசி நேரத்தில் முதலாளி ஒரு ஓவியத்தை இடம் மாற்றச் சொன்னார். ஓவியத்துக்கு இடம் பண்ண இரண்டு பக்கத்து எழுத்தை வெட்டி எடுத்தாள். ஒட்டுவதற்குள், அட்டை என்ன ஆச்சு என்று முதலாளி உள்ளேயிருந்து கத்தினார். எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது பக்க எண்கள் தாமாகவே வரிசையாகிவிட்டிருந்தன. முந்தைய பக்கம் "மழை வலுத்தது" என்று முற்றுப்புள்ளியோடு முடிந்தது. அடுத்த பக்கம் "மறுநாள் காலை" என்று தொடங்கியது. தையல் தெரியவில்லை.

கடைசி மெய்ப்பு புள்ளியக்காவிடம் வந்தது. மூலப்பிரதி மேஜையில் இருந்தது, ஸ்கேலும் இருந்தது. முதல் சில அத்தியாயங்களுக்கு ஒழுங்காக வரிக்கு வரி பார்த்தாள். பிறகு கதை சூடுபிடித்தது. பக்கமாகிப் புத்தக உருவத்தில் பார்ப்பது இதுதானே முதல்தடவை என்று ஒரு ஆசை. ஸ்கேலை ஓரமாக வைத்தாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மூலத்தைப் பார்க்காமல், வாசகியாகவே படித்துக்கொண்டு போனாள். முடித்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ஜின் வந்து நின்றாள். "அக்கா, அந்த அத்தியாயம் மட்டும் கொஞ்சம் சுருங்கின மாதிரி இருக்கு எனக்கு. அந்த மழை சீன்னு சொல்வீங்களே, அது சரியா வந்திருக்கா?"

"வந்திருக்காவா? என் மூஞ்சியைப் பாரு. இப்பத்தான் அழுது முடிச்சேன்."

மார்ஜின் சிரித்தாள். "உங்களுக்குன்னு எங்கேருந்துதான் கண்ணீர் வருதோ." கையெழுத்தான தாளை வாங்கிக்கொண்டு போய் அன்றே அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைத் தன் அக்கா மகளுக்குக் கொடுத்தாள் புள்ளியக்கா. பெண்ணுக்குப் பதினைந்து வயது. சித்தி கொடுக்கும் புத்தகம் என்றால் ஒரே மூச்சில் முடிப்பவள். ஞாயிற்றுக்கிழமை வந்து, சமையலறை மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சித்தி. ஆனா அந்தக் கண்ணாடிக்காரிய எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. துரோகி. கடைசியில அவளைப் பார்த்து இவ கையாட்டுறா பாருங்க, லூசு."

"துரோகியா? மழையில நின்னு அத்தனை சொல்றாளே, அதுக்கப்புறமுமா?"

"எந்த மழையில?"

"பஸ் ஸ்டாப்புல. எங்கப்பாவும் இப்படித்தான் யார்கிட்டயும் சொல்லாம இருந்து ஒருநாள் எழுந்திரிக்கவே இல்ல, நீயும் அப்படி ஆயிடுவியோன்னு பயந்துட்டேன்னு சொல்றா. அழுகையில கண்ணாடி கீழ விழுந்துடும். இவ குனிஞ்சு எடுத்து, தன் சட்டை நுனியால துடைச்சு, அவ மூக்குல மாட்டிவிடுவா. படிக்கலையா நீ?"

"சித்தி, அப்படியெல்லாம் எதுவும் இல்ல." பெண் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். மழை வலுத்தது. மறுநாள் காலை.

புள்ளியக்கா முன்னும் பின்னும் புரட்டினாள். பக்க எண்களைப் பார்த்தாள். பிரதி கோளாறாக இருக்கும், தாள் விட்டுப்போயிருக்கும் என்று ஒரு நிமிடம் தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள். எண்கள் ஒன்றும் விடவில்லை. இல்லாத பக்கங்களைப் படித்து அவள் அழுதிருக்கிறாள். இருக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சித்தி, என்ன ஆச்சு?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல, வெங்காயம்" என்றாள். அன்று அவள் வெங்காயமே நறுக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக முதலாளியிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பியவள்தான். உள்ளே நுழைந்ததும், "வாங்கக்கா, புத்தகம் பிரமாதம்னு எல்லாரும் சொல்றாங்க" என்று அவர் எழுந்து நின்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, நன்றி சொல்லித் திரும்பினாள். செவ்வாய்க்கிழமை அவருக்கு வேலை அதிகம் என்று தோன்றியது. புதன்கிழமை, யாருமே கவனிக்கவில்லையே, முழுசாக ஒரு கதையாகத்தானே படிக்கிறார்கள் என்று தோன்றியது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று அடுத்தவர்களைக் கேட்கிறவள்தான் அவள். இப்போது இறுக மூடிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவளால் ஒரு வரி ரசித்துப் படிக்க முடியவில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இது இருக்கிறதா, நான் நினைத்துக்கொள்கிறேனா என்று சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை விளையாட்டு ஆசிரியை முதலாளிக்குப் போன் செய்தாள். ஒரு பள்ளியில் பேசப் போயிருக்கிறாள். பிள்ளைகள் ஒருவர் விடாமல் தோழியைத் திட்டியிருக்கிறார்கள். அப்படியா எழுதினேன் என்று சந்தேகப்பட்டுத் தன் புத்தகத்தையே பிரித்துப் பார்த்திருக்கிறாள். முதலாளி புள்ளியக்காவையும் மார்ஜினையும் உள்ளே கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கத்தை முழுங்கியிருக்கோம். எப்படி?"

"நான்தான் சார்" என்றாள் மார்ஜின். "படத்தை மாத்தறப்ப வெட்டி வச்சிருக்கேன். ஒட்டாம விட்டிருக்கேன் போல."

"அதெப்படி? ஓவியம் மாத்தினது அக்கா பார்க்கறதுக்கு முன்னாடி. அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. புள்ளி போனாலே புடிக்கிறவங்க, ரெண்டு பக்கம் போனா விட்டுருவாங்களா?" முதலாளி மேஜையைத் தட்டினார். "கையெழுத்துக்கு அப்புறம் நீ ஃபைல்ல கை வச்சிருக்க. என்னவோ நோண்டியிருக்க. அதான் விஷயம்."

அந்த அலுவலகத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மார்ஜினின் முகம் வெளுத்தது. அவள் திரும்பிப் புள்ளியக்காவைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. பெரியவர் ஒருவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்கிற பார்வை.

புள்ளியக்கா தரையைப் பார்த்தாள். முதலாளி அத்தனை நம்பிக்கையோடு சொன்ன அந்த வார்த்தை, புள்ளி போனாலே பிடிக்கிறவள் என்ற வார்த்தை, அவள் வாயை அடைத்துவிட்டது. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அங்கே பழி ஒரு நாற்காலியிலும் பாவம் பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தன. "மாசக் கடைசியோட வேற இடம் பார்த்துக்கம்மா" என்று முதலாளி சொன்னபோதும் அவள் பேசவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். மார்ஜின் மட்டும் தன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. புள்ளியக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"சாப்பிடலையா?"

"இறங்கலக்கா." மார்ஜின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலையிலேருந்து யோசிச்சுப் பார்க்கறேன். கையெழுத்துக்கு அப்புறம் நான் ஃபைலைத் திறந்த ஞாபகமே இல்ல. ஆனா நீங்க படிக்கும்போது அது இருந்துச்சே. நீங்க அழுதீங்களே, நானே பார்த்தேனே. அப்ப நான்தான் தொட்டிருக்கணும். குழந்தை ராத்திரியெல்லாம் தூங்கவிடறதில்ல, நான் என்ன செய்யறேன்னே எனக்குத் தெரியாம செஞ்சிருக்கேன் போலக்கா. எனக்கே என்னை நினைச்சா பயமா இருக்கு."

வேலை போவதையாவது இன்னொரு இடத்தில் ஈடுகட்டலாம். இவள் தன் புத்தியையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அதுவும் அக்காவின் கண்ணீரைச் சாட்சியாக வைத்து. புள்ளியக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நீ தொடல" என்றாள். "நான் படிக்கும்போதே அது இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஸ்கேல் வச்சுப் பார்க்கல. மூலத்தைப் பார்க்கல. பிடிச்ச கதைன்னு சும்மா ஓட்டிட்டேன். மனப்பாடமா இருந்ததால, தாள்ல இல்லாதது மனசுல ஓடியிருக்கு. அதுக்குத்தான் அழுதிருக்கேன்."

மார்ஜின் நாற்காலியைத் திருப்பினாள். "இன்னைக்கு உள்ள அவர் என்னைச் சொன்னாரே. அப்ப உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"போன ஞாயித்துக்கிழமையிலேருந்து."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று புள்ளியக்கா நின்றாள். மார்ஜின் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டு, டப்பாவைத் திறந்து, சாப்பிடத் தொடங்கினாள்.

முதலாளியிடம் சொல்வது அதற்குப் பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லை. கேட்டுவிட்டு அவர் மோவாயைத் தடவினார். "யானைக்கும் அடி சறுக்கும்" என்று ஆரம்பித்தார்.

"சறுக்கினது யானை. அடிபட்டது வேற ஆள் சார்" என்றாள் அவள். "அவ கேட்டா, சரியா இருக்கான்னு. இருக்குன்னு நான் சொன்னேன். அவமேல தப்பு இருந்தா ஒட்ட மறந்தது மட்டும்தான். அதைப் பிடிக்கத்தான் நீங்க என்னை வச்சிருக்கீங்க."

மார்ஜினின் வேலை தப்பியது. விட்டுப்போன இரண்டு பக்கத்தைத் தனித்தாளாக அச்சடித்து, விற்காத பிரதிகளில் செருகுவதென்றும், விற்றவற்றுக்குத் தபாலில் அனுப்புவதென்றும் முடிவாயிற்று. வாசல்வரை போனவளை முதலாளி கூப்பிட்டார். "அக்கா, இனிமே இந்தப் பிள்ளைங்க நாவல் எதுவும் உங்க மேஜைக்கு வேணாம். வருஷ அறிக்கை, சட்டப் புத்தகம், இப்படி ஏதாவது தர்றேன். பிடிக்காததைப் படிச்சாத்தான் நீங்க ஒழுங்காப் படிப்பீங்க." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவளும் சரி என்றாள். வீட்டுக்குப் போகிற வழியில் பேருந்தில் கையில் ஒன்றுமில்லாமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு போனாள்.

மார்ஜின் பேசாமல் இருக்கவில்லை. வேலைக்கு வேண்டியதைப் பேசினாள். இந்தத் தாள், அந்தப் படம், இத்தனை மணிக்கு வேண்டும். 'அக்கா' என்பது மட்டும் அந்தப் பேச்சில் இல்லை. புள்ளியக்கா ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் அதை எதிர்பார்த்தாள்.

தனித்தாளின் மெய்ப்பு வந்தது. விட்டதை அவள்தான் பார்த்துக் கொடுக்கவேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு விதிவிலக்கு. ஒவ்வொரு வரியாக நிதானமாகப் போனாள். தோழி திக்கித் திக்கிச் சொல்கிறாள். அப்பா எழுந்திருக்காத காலையைச் சொல்கிறாள். கண்ணாடி விழுகிறது. ஓடும் பெண் குனிந்து எடுக்கிறாள். அடுத்த வரிக்கு வந்து புள்ளியக்கா நின்றாள். மீண்டும் படித்தாள். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். அறை முழுவதும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"இங்க வா. என்ன இது? மறுபடியும் ஒரு வரி போயிருக்கு. சட்டை நுனியால துடைச்சு மாட்டிவிடுவாளே, அது எங்க? எத்தனை தடவைதான் சொல்றது, வெட்டினா ஒட்டணும்னு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மார்ஜின் எழுந்து வந்தாள். "மூலத்துல உள்ளதுதான்."

"இருக்காது. எனக்குத் தெரியாதா?"

மார்ஜின் இடதுபக்கம் கிடந்த மூலப்பிரதியை எடுத்து, அந்த இடத்தைத் திறந்து, அவள் முன்னால் வைத்தாள்.

எழுத்தாளர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அவள் கண்ணாடியை எடுத்தாள். ஈரத்தோடு தோழியின் உள்ளங்கையில் வைத்தாள். பேருந்து வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

புள்ளியக்கா அடுத்த பக்கத்தைப் பார்த்தாள், முந்தைய பக்கத்தைப் பார்த்தாள். துடைக்கவில்லை. மாட்டிவிடவில்லை. மன்னிக்கிறேன் என்று ஒரு ஜாடைகூட அந்தப் பெண் காட்டவில்லை. அதற்கு இன்னும் ஆறு அத்தியாயம் போகவேண்டியிருந்தது, அப்போதும் தூரத்திலிருந்து ஒரு கையசைப்பு மட்டும்தான். துடைத்து மாட்டிவிட்டது இவள். வீட்டிலும் பேருந்திலும் திரும்பத் திரும்பப் படித்தபோது எப்போதோ தன் ஆசைக்குச் சேர்த்துக்கொண்டு, அதையே நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள். இப்போது அதற்காகவும் மார்ஜினை நாலு பேர் முன்னால் நிறுத்தியாயிற்று.

"நான்..." என்று ஆரம்பித்தாள்.

"சரியா இருக்குல்ல?" என்றாள் மார்ஜின். "இருந்தா கையெழுத்துப் போடுங்க. அச்சகத்துக்காரர் காத்துக்கிட்டிருக்கார்."

புள்ளியக்கா சிவப்பு வட்டத்தை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் 'உள்ளபடியே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மார்ஜின் தாளை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.